தலைவருக்குப் பொன்னாடை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு வரும். சத்தியமாக வரும், ஆனால் இப்போது வராது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த உடனே பாயசம் கேட்கிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள், முதலில் உப்பு வரட்டும், ஊறுகாய் வரட்டும், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நம் வரிசையை மட்டும் தாண்டி ஓடுகிற ஆள் மனசு மாறித் திரும்பி வரட்டும். அந்தச் சிரிப்பு இப்போதைக்குத் திருப்போரூர் மைக்செட் வடமலையின் நெஞ்சுக்குள் பூட்டிக் கிடக்கிறது, அதை வெளியே விட்டால் ஆள் செத்துப்போவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆகவே பொறுங்கள்.

வடமலை ஆட்டோவில் இரண்டு குழாய் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவிப்புச் செய்தவர். ஆடித் தள்ளுபடி என்றால் துணிக்கடை முதலாளி குரல், தீமிதி என்றால் பூசாரி குரல், ஆடு காணவில்லை என்றால் அந்த ஆட்டின் குரல், கட்சிக் கூட்டம் என்றால் எந்தக் கட்சியோ அந்தக் கட்சித் தலைவரின் குரல், ஒரே நாளில் இரண்டு கட்சிக்கும் போய் காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் அவரே பதில் சொல்லிவிட்டு வருவார். பீடி, சிகரெட், சுருட்டு எதையும் தொடாத மனுஷன், ஊதுவத்தி கொளுத்தினால்கூட இரண்டடி தள்ளி நிற்பார், அவருடைய நுரையீரலில்தான் புற்றுநோய் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "திருட்டுத்தனமா ஊதியிருப்பான்" என்று ஊர் சொன்னது. ஊருக்கு ஒரு காரணம் வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ஒரு வருஷம் நன்றாக வேலை செய்தது, பிறகு ஒருநாள் செய்யவில்லை. குரல் தேய்ந்து காற்றாகிவிட்டது. அதைவிட மோசம், சிரித்தால் இருமல், இருமினால் கைக்குட்டையில் சிவப்பு. அவருடைய மனைவி செல்லியம்மா அன்றிலிருந்து வீட்டில் சிரிப்புக்குத் தடை போட்டாள். டிவியில் காமெடி சேனல் நிறுத்தப்பட்டது, தெருவில் வேடிக்கையாகப் பேசுகிற ஆட்கள் பத்தியக்காரன் வீட்டுக்குக் கருவாடு கொண்டுவந்தவர்களைப்போல வாசலிலேயே மடக்கப்பட்டார்கள், பார்க்க வருகிறவர்கள் செருப்பையும் ஜோக்கையும் வெளியே கழட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சட்டமாயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் கை ஜாடையில் பேசிக்கொண்டார்கள். சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும், ஃபேனைக் குறை, இவ்வளவுதான். ஊரையே சிரிக்க வைத்த ஆள் தன் வீட்டில் ஒரு புன்னகைக்குக்கூடப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில், அவருடைய சம்மதத்தோடு, நெஞ்சிலிருந்து கடுகளவு சதையை எடுத்துக் கேளம்பாக்கத்து உப்பளங்களுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மருந்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அதைத் தட்டையான கண்ணாடித் தட்டில் போட்டு, ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு சத்துத் தண்ணீரை ஊற்றி, நம் உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்து வளர்த்தார்கள். வளர்ந்தது. அது வளராமல் இருந்தால்தானே அதிசயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, டீ வருகிற நேரம், செல்களுக்குச் சத்துத் தண்ணீர் மாற்றுகிற ஹசீனா தட்டை வெளியே எடுத்தபோது தட்டு பேசியது.

"ஏம்மா, தெனமும் இந்த ரோஸ்மில்க்குதானா? ஒரு வடைகிடை கெடையாதா?"

"வடை ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு ஹசீனா வேலையை முடித்து, கையுறையைக் கழட்டிக் குப்பையில் போட்டு, கையை விதிப்படி கழுவி, வேதியியல் பிரிவின் எஸ்தர் கமலத்திடம் போய்ச் சொன்னாள். "மேடம், வடமலை செல்லு பேசுது."

எஸ்தர் தலை நிமிரவில்லை. "பேசினது மீடியம் மாத்துறதுக்கு முன்னயா, பின்னயா?"

எஸ்தரைப்பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நாகர்கோவில்காரி, கெட்டிக்காரி, கார்பனையும் நைட்ரஜனையும் கோழி மேய்ப்பதுபோல மேய்க்கத் தெரிந்தவள், ஆனால் சிரிப்பு என்பது அவளுக்குப் பாஸ்போர்ட் இல்லாத தேசம். ஒரு ஜோக் சொல்லி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்து முடித்த பிறகு, "அதுக்கப்புறம் அந்த யானைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பாள். பொய் சொல்ல வராது. வாயை மூடிக்கொண்டு கடந்துபோகவும் வராது. டைரக்டர் டாக்டர் ஸ்ரீவத்சன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது "பித்தான் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கீங்க" என்று சொன்னவள்.

தட்டுக்கு வாயும் காதும் முளைத்ததே தவிரக் கண் முளைக்கவில்லை, ஆனால் அந்த வாய் சும்மா இல்லை. வடமலையின் வித்தை மொத்தமும் அதில் இறங்கியிருந்தது. காலையில் வாசல் காவலாளி ஏகாம்பரத்தின் குரலில் "வணக்கம் சார்" என்றது, மதியம் ஏகாம்பரத்தின் மனைவி குரலில் "யோவ், சாப்ட்டியா" என்றது, ஏகாம்பரம் இரண்டுக்கும் பயபக்தியோடு பதில் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை டைரக்டரின் குரலில் "இன்னைக்கு எல்லோருக்கும் அரை நாள் லீவு, குடும்பத்தோட இருங்க, குடும்பம்தான் முக்கியம்" என்று கனைத்துக்கொண்டே அறிவித்தது, எல்லோரும் போய்விட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை நடந்தது. உத்தரவு தொண்டையிலிருந்துதான் வரவேண்டும், தட்டிலிருந்து வரக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லாததால் லீவு செல்லும் என்று முடிவாயிற்று. மனிதவளத் துறை சுற்றறிக்கை விட்டது: செல் வளர்ப்பு அறையிலிருந்து வரும் குரல் மேலதிகாரியின் குரலை ஒத்திருப்பின், ஊழியர்கள் முதலில் மேலதிகாரியின் வாயசைவைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சுற்றறிக்கையைத் தட்டே எல்லோருக்கும் வாசித்துக் காட்டியது, மனிதவளத் துறையின் குரலில், கடைசியில் அந்தத் துறைக்கே உரிய ஒரு தும்மலோடு.

அப்புறம் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. அது "தலைவர்" ஆகிவிட்டது. யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது, நம் ஊரில் ஒன்று நிறுத்தாமல் வளர்ந்து, ஓயாமல் பேசி, யார் சொன்னாலும் கேட்காமல் இருந்தால் அதற்கு வேறு பெயர் வைக்கத் தோன்றுவதில்லை. கல்யாணப் பத்திரிகையை முதலில் தலைவருக்கு வாசித்துக் காட்டினார்கள். இடமாற்றம் வேண்டியவர்கள் பெட்டி முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்கள். கணக்குப் பிரிவில் மாமியாரைப் பறிகொடுத்த ஒருத்தி வந்து அந்தக் குரலில் ஒரே ஒரு தடவை தன்னைத் திட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும், அப்படியே இருக்கு" என்று போனாள். எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்களை மட்டும் ஹசீனா விரட்டினாள், பழத்தில் பூஞ்சை இருக்கும் என்று.

எஸ்தர் மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. அவளுக்கு ஒரு வேலை இருந்தது, தலைவரைக் கொல்வது.

அந்த வேலை என்னவென்று பாயசத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. நம் செல்லின் மேல் ஒரு சுவிட்சு உண்டு. பெருகு என்றால் செல் பெருகும், நில் என்றால் நிற்கும். வடமலையின் நெஞ்சில் அந்தச் சுவிட்சு பெருகு என்ற பக்கமே சிக்கிக்கொண்டது. சுவிட்சுக்குள் ஒரு சின்னப் பள்ளம், அதில் எரிபொருள் வந்து உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். எரிபொருள் வருவதற்குள் ஓடிப்போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிற மாதிரி, அளவெடுத்துத் தைத்ததுபோல, ஒரு சின்ன மூலக்கூற்றைச் செய்ய வேண்டும். டவுன் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். மூலக்கூறு சின்னதாக இருந்தால்தான் செல்லின் சுவரைத் தாண்டி உள்ளே நுழையும், மாத்திரையாக டீயோடு விழுங்கவும் முடியும். துண்டு நெய்வதுதான் எஸ்தரின் தொழில்.

நெய்தாள், போட்டாள், தலைவர் எடுத்து வெளியே எறிந்தார். அதுவும் கண்டக்டர் குரலில்.

"யாருப்பா துண்டு போட்டது? எடு, எடு! ஆள் ஏறாம துண்டு ஏறினா அதுக்கும் டிக்கெட் வாங்கணும், தெரியுமில்ல?"

ஒரு வளையத்தை மாற்றிப் போட்டாள். "மீசைய எடுத்துட்டு வந்தா ஆள் தெரியாதா? போன வாரம் வந்த அதே நைட்ரஜன்தான நீ?" ஃப்ளோரின் சேர்த்துப் போட்டாள். "ஆஹா, சென்ட்டு அடிச்சிட்டு வந்திருக்காரு மாப்ள!" ஒரு தடவை துண்டு உட்கார்ந்தேவிட்டது, தலைவர் ஒரு மாதம் பேசாமல் கிடந்தார், ஆய்வகத்தில் மூன்று பேர் துக்கம் கேட்டார்கள், பிறகு அவர் பள்ளத்தின் வாசலில் இருந்த ஒல்லியான ஆளை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு தடியனை உட்கார வைத்தார், துண்டு இடிபட்டுத் தானே கீழே விழுந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையை வடமலையின் நெஞ்சிலிருந்து துரத்தியதும் இதே மாதிரி ஒரு தடியன்தான். ஏனென்றால் தட்டில் இருந்தது கிளை அலுவலகம், நெஞ்சில் இருந்தது தலைமையகம், இங்கே பேசினால் அங்கே கேட்டது, இங்கே குரல் ஏற ஏற அங்கே வடமலைக்குக் குரல் இறங்கியது.

இது செல்லியம்மாவுக்குத் தெரியவந்ததும் அவள் பஸ் ஏறி ஆய்வகத்துக்கு வந்தாள். ஏகாம்பரம் அடையாள அட்டை கேட்டார். "என் புருஷன் உள்ள கீறாரு, நானே அவருக்கு அட்டை" என்று சொல்லிவிட்டு நேராகப் பெட்டி முன்னால் போய் நின்றாள்.

"ஏ செல்லி" என்றார் தலைவர், இருபது வயசு வடமலையின் குரலில். "கொலுசு மாத்திட்டியா? சத்தம் புதுசா கீதே."

செல்லியம்மா திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. அந்தக் குரல்தான் முன்னொரு காலத்தில் ஐஸ்காரனைப்போல அவள் வீட்டுப் பின்பக்கம் நின்று கூவியது, அவள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால் ஐஸ் இருக்காது, இந்த ஆள்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார், நாலாவது தடவை டம்ளர் இல்லாமலே ஓடினாள். பக்கத்தில் நின்ற எஸ்தருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அந்தக் கொரல அவருகிட்ட குட்துடு" என்றாள் செல்லியம்மா கடைசியில். "வூட்ல மனுஷன் காத்து போன டயரு மாதிரி கீறாரு. ரெண்டு மழையாச்சு அவரு சிரிச்சு."

"குட்துட்டு நான் இன்னாத்த வெச்சிப் பேசறது?"

"ஏன், உனுக்குன்னு ஒரு கொரல் கெடையாதா?"

அதற்குப் பிறகு அன்று முழுக்க யாருடைய குரலிலும் தலைவர் பேசவில்லை.

வெளியே பஸ் நிறுத்தம்வரை எஸ்தர் கூடவே நடந்தாள். "ஆஸ்பத்திரில என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"ஊசி போட்டு இழுத்துப் புடிச்சிருக்காங்கோ. புது மருந்து எதுனா வந்தாத்தான்றாங்கோ. நீதான செய்யறியாம். செய்யறியா?"

"செஞ்சிட்டு இருக்கேன்."

"வருமா?"

வேறு யாராக இருந்தாலும் வரும் என்று சொல்லியிருப்பார்கள். "தெரியல" என்றாள் எஸ்தர். செல்லியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ஒருத்திதான்மா என்னாண்ட பொய் சொல்லாதவ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

எஸ்தர் துண்டில் கொக்கி வைத்தாள். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கொக்கி, பள்ளத்தின் ஓரத்தில் கந்தகம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதில் போய் மாட்டிக்கொண்டால் அப்புறம் துண்டும் இருக்கையும் ஒன்றுதான், எந்தத் தடியன் இடித்தாலும் விழாது. மற்ற தட்டுகளில் இருந்த ஊமைச் செல்கள் அதற்குச் செத்தன. எலிக்குக் கொடுத்தார்கள், நாய்க்குக் கொடுத்தார்கள், கமிட்டிக்குக் கொடுத்தார்கள். எலி பிழைத்தது, நாய் வாலாட்டியது, கமிட்டி சித்திரையிலிருந்து புரட்டாசிவரை யோசித்துவிட்டுத் தலையாட்டியது, மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. தலைவர் மட்டும் ஆடவில்லை. தடவிப் பார்த்தார். "துண்டுக்கடியில இன்னா அது, கொக்கியா?" என்றார். "எஸ்தரம்மா, சீட்டு கேட்டு வர்றவன் எவனா இருந்தாலும் நான் மொதல்ல அவன் மடியத்தான் தடவுவேன். என் கொள்கை அது." கொக்கித் துண்டு வாசலோடு திரும்பியது.

அந்த வாரம் டைரக்டருக்கு ஊரில் ஒரு சங்கம் பாராட்டு விழா எடுத்தது. எஸ்தரும் போனாள், போகாவிட்டால் அவர் வருத்தப்படுவார் என்று எல்லோரும் சொன்னதால். ஐப்பசிப் புழுக்கம், மின்விசிறி இல்லாத மேடை, டைரக்டருக்குக் கம்பளிமாதிரி ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். வீட்டில் மனைவி தருகிற கைக்குட்டையைக்கூட "இது எதுக்கு" என்று கேட்கிற மனுஷன், பொன்னாடையோடு ஒருவர் நெருங்கியதும் யாரும் சொல்லாமலே எழுந்து, தானே முன்னால் வந்து, தானே கழுத்தைக் குனிந்து கொடுத்தார். அதற்கப்புறம் நெற்றியில் வியர்வை ஊற்றியது, கண்ணாடி வழுக்கியது, முதுகில் ஏதோ கடித்தது, ஆனாலும் கழட்டவில்லை, ஏனென்றால் போர்த்தியவர் முதல் வரிசையில் கை கட்டி உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்துபோகிற வரைக்கும் கழட்ட முடியாது, அதுதான் முறை.

எல்லோரும் கை தட்டினார்கள். எஸ்தர் மட்டும் தட்ட மறந்து, வாயைத் திறந்தபடி, டைரக்டரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெட்டி முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமி, நாற்பத்துமூன்று வயசு வாழ்க்கையில் முதல் பொய்யைச் சொன்னாள்.

"தலைவரே, உங்களை எங்களால ஜெயிக்க முடியல. உங்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கலாம்னு இருக்கோம்."

பால்காரி கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதனால்தான் தலைவர் நம்பினார். இதையே ஏகாம்பரம் சொல்லியிருந்தால் மடியைத் தடவியிருப்பார்.

"பொன்னாடை உண்டா?" என்றார்.

"உண்டு."

"ஃப்ளெக்ஸ்?"

"கேட்டுலேர்ந்து."

"எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்றார் தலைவர், பிடித்தவர்கள் எல்லோரும் சொல்கிற குரலில்.

ரகசியத்தை எஸ்தர் ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் தலைவர் காதில் விழும். பஸ் நிறுத்தத்தில் செல்லியம்மாவிடம் மட்டும் சொன்னாள். செல்லியம்மா வீட்டுக்குப் போய், நெஞ்சில் இருக்கும் தலைமையகத்துக்குக் கேட்காதபடி, மொத்தத்தையும் கை ஜாடையில் புருஷனுக்குச் சொன்னாள். மீசையை முறுக்கிக் காட்டினாள், அது தலைவர். தோளில் போர்த்திக் காட்டினாள், அது பொன்னாடை. ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினாள், அது கொக்கி. கடைசியில் ஒரு மாத்திரையை வாயில் போட்டு விழுங்கிக் காட்டி, உனக்குச் சம்மதமா என்று புருவத்தைத் தூக்கினாள். வடமலைக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே ஏறிவர, செல்லியம்மா பாய்ந்து வாயைப் பொத்தினாள், அவரும் தன் கையை அவள் கைமேல் வைத்துப் பொத்திக்கொண்டார், இரண்டு பேருமாக அந்தச் சிரிப்பை நெஞ்சுக்குள் தள்ளிப் பூட்டினார்கள். பிறகு வடமலை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்புதான் முதலில் சொன்ன சிரிப்பு. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இலை எடுக்கப்போவதில்லை.

விழா நாள் வந்தது. கேட்டிலிருந்து செல் வளர்ப்பு அறைவரை "நுரையீரல் நாயகனே வருக" என்று ஃப்ளெக்ஸ், வந்திருப்பவர் இரண்டு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறார் என்றாலும். தலைவருக்கு முகம் இல்லாததால் நடுவில் டைரக்டரின் படத்தைப் போட்டிருந்தார்கள். பெட்டியின் வெளிக்கதவைத் திறந்து தட்டின் பக்கத்தில் மைக் வைத்தார்கள். கடைசி வரிசையில், காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னிலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு நேராக வந்த வடமலை, வாயில் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை கரைந்து, ரத்தத்தில் ஏறி, தலைமையகத்தின் வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

வரவேற்புரை ஏகாம்பரம். மாவட்டத்தில் உள்ள அத்தனை பேரையும் "அவர்களே, அவர்களே" என்று கூப்பிட்டு முடித்தபோது அவர் நேரம் முடிந்துவிட்டது. தலைமையுரை டைரக்டர். அவர் உண்மையாகவே கலங்கினார், தலைவர் வந்த பிறகுதான் தன் குரல் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தனக்கே தெரிந்தது என்றார். தலைவர் அதே குரலில் "நன்றி, நன்றி" என்றார், கூட்டம் எது டைரக்டர் எது தலைவர் என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கை தட்டியது. வாழ்த்துரைக்கு எஸ்தர் எழுந்தாள்.

"தலைவர் அவர்களை எனக்கு இரண்டு வருஷமாத் தெரியும்" என்றாள். "யார் தயவும் இல்லாம வளர்ந்தவர். நில்லுன்னு எத்தனையோ பேர் சொல்லியும் நிக்காதவர். வளர்ச்சி, வளர்ச்சி, வளர்ச்சி, அதைத் தவிர வேற சிந்தனையே இல்லாதவர். இருந்த இடத்துலேயே இருந்துட்டு, பக்கத்துல இருந்த எல்லா இடத்தையும் தன் இடமா நினைச்ச பெரிய மனசுக்காரர்."

"எஸ்தரம்மா" என்றார் தலைவர் குரல் தழுதழுக்க. "உனுக்கும் பேச வருதே!"

"அவர் யாருகிட்டயும் எதையும் கேட்டு வாங்கினதில்ல. அதனால, சீட்டுக் கேட்டு வராத ஒண்ணை, மரியாதையா, அவருக்குப் போர்த்துறோம்."

எஸ்தர் கொடுத்த மருந்தைக் குழலில் எடுத்து ஹசீனா துளித்துளியாகத் தட்டில் விட்டாள். ரோஸ்மில்க்கில் அது கலந்தது. அப்போது தட்டில் ஒரு மெல்லிய அசைவு, காற்றில் நெற்பயிர் சாய்வதுபோல எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததை நுண்ணோக்கியோடு இணைத்த திரையில் எல்லோரும் பார்த்தார்கள். தலைவர் கழுத்தைக் குனிந்து கொடுத்தார். வாசலில் இருந்த தடியன்கூட எழுந்து மரியாதையாக வழி விட்டான். கடைசி வரிசையில், வாயில் துண்டை அழுத்தியிருந்த வடமலையின் நெஞ்சுக்குள்ளும், தலைமையகம் அதே நேரம் குனிந்தது. எங்கேயோ ஆயிரமாயிரம் கொக்கிகள், சின்னப் பித்தான்கள்போல, டிக் டிக்கென்று மாட்டிக்கொண்டன.

கைதட்டல் ஓய்ந்தது. எஸ்தர் நடந்துபோய் முதல் வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"இப்போது தலைவர் அவர்கள் ஏற்புரை வழங்குவார்கள்" என்றார் ஏகாம்பரம்.

தலைவர் மேடைக் குரலில் தொடங்கினார். "என் நெஞ்சில் குடியிருக்கும்... இல்ல, நான் நெஞ்சில் குடியிருக்கும்... ஏழையின் நெஞ்சில்..." கூட்டம் கை தட்டியது. பூசாரி குரலுக்கு மாறினார், பாதி மந்திரத்தில் பூசாரி காணாமல் போனார். அதையும் வித்தை என்று நினைத்துக் கூட்டம் தட்டியது. கண்டக்டர் குரலில் "ரைட்" என்றார், விசில் வரவில்லை. துணிக்கடை முதலாளியைத் தேடினார், கடை மூடியிருந்தது. டைரக்டர் குரலை எடுத்தார், அது வாய் வைத்த ஐஸ்போல உருகிக் கையில் குச்சி மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு குரல் போகும்போதும் ஒரு கைதட்டல். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவர் வழக்கம்போல இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"புழுக்கமா இருக்கு" என்றார். "நல்ல கெட்டியான சரக்கு போல. எங்க எடுத்தீங்க, காஞ்சிபுரமா?"

அப்போதுதான் கடைசி வரிசையில் துண்டு கீழே விழுந்தது.

அது முதலில் ஒரு விக்கலாக வந்தது, பிறகு உரலில் நெல் குத்துவதுபோல வந்தது, பிறகு பூட்டு, கதவு, நிலை எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு வடமலையின் சிரிப்பு வெளியே வந்தது. இரண்டு மழைக்காலமாக அடைத்துவைத்த சிரிப்பு, ஐஸ்காரனும் பூசாரியும் கண்டக்டரும் காணாமல் போன ஆடும் உள்ளே சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு, ஃப்ளெக்ஸ் படபடத்தது, கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. செல்லியம்மா கைக்குட்டையோடு அவர் வாயருகே தயாராக நின்றாள், இருமல் வரும் என்று. வரவில்லை. அவர் மூச்சு வாங்கி, அடுத்த மூச்சிலும் சிரித்தார். அவள் கைக்குட்டையைப் பார்த்தாள், வெள்ளையாக இருந்தது, அதைக்கொண்டே அவர் தலையில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு அவளும் சிரித்தாள். ஏன் என்று தெரியாமலே கூட்டமும் சிரித்தது. எஸ்தரின் உதட்டு ஓரத்தில் எதுவோ ஒன்று, எப்படி வரவேண்டும் என்று தெரியாமல், வந்து நின்றது.

"யாரு அது?" என்றார் தலைவர். "என் கொரல்ல சிரிக்கறது யாரு? நான் சிரிக்கலியே."

பதிலுக்கு வடமலை இன்னொரு தடவை சிரித்தார்.

"எஸ்தரம்மா, இந்தப் பொன்னாடைய கொஞ்சம் கழட்டி வெச்சிக்கட்டுமா? விழாதான் முடிஞ்சிடுச்சே."

"தாராளமா" என்றாள் எஸ்தர், முதல் வரிசையை விட்டு அசையாமல்.

தலைவர் இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் மைக்கில் ஒரு குரல் கேட்டது, ஏகாம்பரமுடையது இல்லை, டைரக்டருடையது இல்லை, வடமலையுடையதும் இல்லை, அதுவரை யாரும் கேட்டிராத ஒன்று, சோடா பாட்டிலில் கடைசிக் காற்று போவதுபோல மெல்லிசாக, அவருக்கென்றே சொந்தமான குரல்.

"அடிப்பாவி."